இரண்டாவது சாவி

2006 மார்ச் 13, திங்கட்கிழமை. லண்டன் நகரின் வடமேற்கில் உள்ள நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தின் படுக்கைகளில் எட்டு ஆண்கள் படுத்திருந்தார்கள். வயது 19 முதல் 34 வரை. யாருக்கும் எந்த நோயும் கிடையாது. நோய் இல்லை என்பதுதான் அங்கே வருவதற்கான தகுதியே! புதிய மருந்து ஒன்றை முதன்முதலாக மனித உடம்பில் ஏற்றிப் பார்க்கப் போகிறார்கள். கலந்துகொள்பவர்களுக்குச் சுமார் 2000 பவுண்டு சன்மானம்.

எட்டுப் பேரில் ஆறு பேருக்கு உண்மையான மருந்து. மீதி இரண்டு பேருக்கு மருந்து கலக்காத வெறும் திரவம். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஏறக்குறைய பத்து நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக நரம்பு வழியே ஏற்றினார்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் நிலைமை மாறியது. தாங்க முடியாத தலைவலி, இடுப்பு வலி, குமட்டல், காய்ச்சல். ஒருவருக்குத் தொடங்கியது அடுத்தவருக்கு, அப்புறம் அதற்கு அடுத்தவருக்கு... பக்கத்துப் படுக்கைகளில் இரண்டு பேருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் திரவம் என்ற ரகசியம் அத்தோடு உடைந்துபோனது.

அன்று இரவு முடிவதற்குள் ஆறு பேரும் மோசமான நிலைக்குப் போனார்கள். ரத்த அழுத்தம் சரிந்தது, நுரையீரல் திணறியது, சிறுநீரகம் தடுமாறியது. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். மருத்துவர்களின் முயற்சியால் ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் ஒருவர் கால் விரல்களையும் கை விரல்களின் நுனிகளையும் இழந்தார்.

அந்த மருந்தின் பெயர் டிஜிஎன்1412. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இருந்த டெஜெனெரோ என்ற சிறிய நிறுவனம் உருவாக்கியது. முடக்குவாதத்துக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் பயன்படும் என்று நம்பினார்கள். ஆறு பேருக்கும் கொடுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வெறும் 0.1 மில்லிகிராம். குரங்குகளுக்கு இதைப் போல 500 மடங்கு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை.

மருந்தில் கலப்படம் இல்லை. விஷம் இல்லை. அளவும் தப்பவில்லை. அது செய்தது ஒன்றே ஒன்றுதான். வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவான டி செல்களின் மேல் இருக்கும் ஒரு குமிழை அழுத்தியது. அந்தக் குமிழுக்கு சிடி28 என்று பெயர்.

ஒரே ஒரு குமிழ்! அதை அழுத்தினால் உடம்பு தன்னைத்தானே எரித்துக்கொள்ளுமா? அப்படியானால் அந்தக் குமிழ் எதற்காக அங்கே இருக்கிறது?

ஊருக்குள்ளேயே இருக்கும் எதிரி

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். நோய் எதிர்ப்பு மண்டலம் 'நம்மவர் யார், அந்நியர் யார்' என்று பிறவியிலேயே தெரிந்து வைத்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பாதிதான் உண்மை.

டி செல்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. ஒவ்வொரு டி செல்லின் மேலும் ஓர் உணர்கொம்பு இருக்கும். அது எந்த வடிவத்தோடு பொருந்த வேண்டும் என்பது கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவாகிறது. கோடிக்கணக்கான விதங்கள் வருவதால், இதுவரை உலகில் தோன்றியே இராத கிருமிக்குக்கூட உடம்பில் எங்கோ ஒரு டி செல் தயாராகக் காத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினால் என்ன ஆகும்? சொந்த உடம்போடு பொருந்துகிற டி செல்களும் வந்து சேரும்.

தைமஸ் அவற்றைத் தேடிப் பிடித்து அழிக்கிறது. பெரும்பாலானவை அங்கேயே செத்துப் போகின்றன. ஆனால் எல்லாம் அல்ல. சில தப்பித்து ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இது நோயாளிகளுக்கு மட்டும் நடக்கும் விபத்து இல்லை. நல்ல ஆரோக்கியமாக, ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாமல் வாழ்கிறவர் உடம்பிலும் அவருடைய கணையத்தையோ தைராய்டையோ தாக்கத் தெரிந்த டி செல்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி 'சிலருக்கு ஏன் ஆட்டோஇம்யூன் நோய் வருகிறது' என்பது அல்ல. 'மற்ற எல்லோருக்கும் ஏன் வராமல் இருக்கிறது' என்பதுதான்!

வங்கி லாக்கர்

வங்கியில் லாக்கர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று வாடிக்கையாளரிடம் இருக்கும். அது அந்த ஒரு லாக்கருக்கு மட்டும்தான் பொருந்தும். இன்னொன்று வங்கி அதிகாரியிடம். அது எல்லா லாக்கருக்கும் பொது. வாடிக்கையாளர் சாவியை மட்டும் நுழைத்து எவ்வளவு திருகினாலும் கதவு திறக்காது. அதிகாரி வந்து, ஆளைப் பார்த்து, கையெழுத்தைச் சரிபார்த்து, தன் சாவியையும் போட வேண்டும்.

டி செல்லும் அப்படித்தான். அதன் உணர்கொம்பில் ஒரு குறிப்பிட்ட புரதத் துண்டு வந்து பொருந்துவது முதல் சாவி. ஒவ்வொரு டி செல்லுக்கும் இது தனித்தனி. ஆனால் அது மட்டும் போதாது. அந்தத் துண்டை ஏந்தி வந்து காட்டுகிற செல், தன் மேல் பி7 என்ற இன்னொரு புரதத்தையும் வைத்திருக்க வேண்டும். அந்த பி7 போய் டி செல்லின் சிடி28ல் பொருந்த வேண்டும். அதுதான் இரண்டாவது சாவி. இது எல்லாவற்றுக்கும் பொது.

இரண்டும் சேர்ந்தால் டி செல் விழித்துக்கொள்ளும். ஒன்று பலவாகப் பெருகிப் போருக்குப் புறப்படும். முதல் சாவி மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால்? சும்மா இருந்துவிடும் என்று நினைத்தால் தப்பு. அந்த டி செல் மரத்துப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு சாவியும் சேர்ந்து வந்தால்கூட எளிதில் எழுந்திருக்காது!

இந்த இரட்டைச் சாவி யோசனை முதலில் வெறும் தாளில் பிறந்தது. 1970ல் பீட்டர் பிரெட்ஷரும் மெல்வின் கோனும், எதிர்ப்புச் செல்களுக்கு இரண்டு சிக்னல் தேவைப்பட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தன்னைத்தானே தாக்காமல் இருப்பதை விளக்கவே முடியாது என்று எழுதினார்கள். 1975ல் ஆஸ்திரேலியாவில் கெவின் லாஃபர்ட்டியும் அலிஸ்டர் கன்னிங்ஹாமும் அதை டி செல்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். 1987ல்தான் அமெரிக்காவில் மார்க் ஜென்கின்ஸும் ரொனால்ட் ஷ்வார்ட்ஸும் ஆய்வுக்கூடத்தில் அதை நேரில் பார்த்தார்கள். புரதத் துண்டைக் காட்டும் செல்களை ரசாயனத்தால் பதப்படுத்தி எலியின் டி செல்களிடம் காட்டினார்கள். முதல் சாவி சரியாக இருந்தது. இரண்டாவது இல்லை. டி செல்கள் மரத்துப் போயின.

அதிகாரி எப்போது சாவியை எடுப்பார்?

அந்த வங்கி அதிகாரி யார்? முக்கியமாக டென்ட்ரைட்டிக் செல்கள். மரக்கிளைகள் போலக் கைகளை நீட்டிக்கொண்டு தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் உட்கார்ந்திருக்கும். 1973ல் ரால்ஃப் ஸ்டைன்மேனும் அவருடைய ஆசான் ஜன்வில் கோனும் இவற்றைப் பற்றி முதலில் எழுதியபோது பலர் நம்பவில்லை. 2011ல் ஸ்டைன்மேனுக்கு நோபல் பரிசு அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பரிசுக் குழுவுக்கே அது தெரியாது! இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது என்ற விதி இருந்தும், அறியாமல் அறிவித்ததால் பரிசு நிலைத்தது.

சாதாரண நாளில் இந்த அதிகாரி உடம்பின் சொந்தப் புரதங்களைத்தான் ஏந்திக் காட்டிக்கொண்டிருப்பார். ஆனால் பி7 சாவி மிகக் குறைவாகவே கையில் இருக்கும். அதைப் பார்க்கிற டி செல், அது சொந்த உடம்பைத் தாக்கக்கூடியதாகவே இருந்தாலும், மரத்துப் போய்விடும். கிருமி நுழைந்தால்தான் கதை வேறு. பாக்டீரியாவின் சுவரிலும் வைரஸின் மரபுப்பொருளிலும் உள்ள சில அடையாளங்கள் மனித உடம்பில் அந்த வடிவில் கிடையாது. அவற்றை மோப்பம் பிடித்த உடனே டென்ட்ரைட்டிக் செல் பி7ஐ அள்ளித் தன் மேல் அடுக்கிக்கொள்ளும். 1989ல் சார்லஸ் ஜேன்வே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்தன.

குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பூசியில் அலுமினிய உப்பு சேர்ப்பதற்கும் இதனோடு தொடர்பு உண்டு. சுத்தமான புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் உடம்பு பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஊசி போட்ட இடத்தில் ஒரு சின்னக் கலவரம் நடந்தால்தான் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்!

ஆக, எதைத் தாக்குவது என்பதைச் சொல்வது முதல் சாவி. தாக்கலாமா வேண்டாமா என்பதைச் சொல்வது இரண்டாவது சாவி. உடம்பைத் தாக்கத் தெரிந்த செல்கள் எல்லோரிடமும் இருந்தும் எல்லோரும் நலமாக இருப்பதற்கு ஒரு பெரிய காரணம், அந்தச் செல்களுக்கு அனுமதி கிடைக்காததுதான்.

சாவியைப் பிடுங்குகிறவர்

கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கவும் ஆள் வேண்டும் அல்லவா? கிருமி ஒழிந்த பிறகும் போர் தொடர்ந்தால் வீடே மிஞ்சாது.

1987ல் பிரான்ஸில் சிடிஎல்ஏ-4 என்ற ஒரு புரதத்தின் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். பார்ப்பதற்கு சிடி28ன் உடன்பிறப்பு போல இருந்தது. 1991ல் பீட்டர் லின்ஸ்லி குழுவினர் அதுவும் பி7 சாவியைத்தான் பிடிக்கிறது என்று காட்டினார்கள். அதுவும் சிடி28ஐ விடச் சுமார் 20 மடங்கு இறுக்கமாக! இது இன்னொரு முடுக்கியா, இல்லை பிரேக்கா என்று சில ஆண்டுகள் சண்டை நடந்தது. 1995ல் எலிகள் தீர்ப்புச் சொல்லின. சிடிஎல்ஏ-4 ஜீன் நீக்கப்பட்ட எலிக்குட்டிகள் மூன்று நான்கு வாரங்களில் செத்துப் போயின. இதயம், கணையம் என்று பல உறுப்புகளுக்குள்ளும் அவற்றின் சொந்த டி செல்கள் புகுந்து சிதைத்திருந்தன. எந்தக் கிருமியும் காரணமில்லை.

ஆக, அது பிரேக். எப்படி வேலை செய்கிறது? 2011ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட விளக்கம் ஆச்சரியமானது. சிடிஎல்ஏ-4 உள்ள செல், எதிரே நிற்கும் செல்லின் மேலிருக்கும் பி7ஐப் பிடித்து இழுத்து, அப்படியே தனக்குள் விழுங்கிச் செரித்துவிடுகிறது! அதிகாரியின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வது மாதிரி. இந்த வேலையை முக்கியமாகச் செய்பவை 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்ற தனிப் பிரிவு. 2025ன் மருத்துவ நோபல் பரிசு இந்தப் பிரிவைக் கண்டறிந்து விளக்கிய ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் கிடைத்தது.

மனிதர்களிலும் இந்தப் பிரேக் பழுதாவது உண்டு. ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதிகளாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. சிடிஎல்ஏ-4 ஜீனின் ஒரு பிரதி மட்டும் பழுதானாலே போதும், பலருக்குக் குடல், நுரையீரல், சிலருக்கு மூளை வரை டி செல்கள் புகுந்துவிடுகின்றன, சொந்த ரத்த அணுக்களையே உடம்பு அழிக்கிறது என்று 2014ல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பிரேக் முழுதாக இல்லாமல் போகவில்லை. பாதிதான் குறைந்தது!

இப்படி ஒரேயடியாகப் பழுதாவது அரிது. ஆனால் இதே ஜீனில் உள்ள மிகச் சிறிய எழுத்து வேறுபாடுகள்கூட தைராய்டைத் தாக்கும் கிரேவ்ஸ் நோய், சிறு வயதிலேயே வரும் முதல் வகை சர்க்கரை நோய் ஆகியவற்றின் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுவதாக 2003ல் தெரிய வந்தது.

சாவிக்கு உறை போட்ட மருந்து

முடக்குவாதம் என்று சொல்லப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வந்தவர்களின் காலை நேரம் மற்றவர்களுக்குப் புரியாது. தூங்கி எழுந்தால் விரல் மடங்காது. சட்டைப் பொத்தான் போட முடியாது. தண்ணீர்க் குழாயைத் திருக முடியாது. வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாததால் 'சோம்பல்' என்று பேச்சு வேறு. உள்ளே மூட்டுகளின் சவ்வை அவர்களுடைய எதிர்ப்பு மண்டலமே அரித்துக்கொண்டிருக்கும். ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

பழைய மருந்துகள் மொத்தப் படையையும் அடக்கும். இரட்டைச் சாவி விஷயம் தெரிந்த பிறகு வேறு ஒரு வழி பிறந்தது. முதல் சாவிகள் ஆயிரம் விதம். அத்தனையையும் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். ஆனால் இரண்டாவது சாவி எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்றே! அதற்கு ஒரு உறை மாட்டிவிட்டால்?

லின்ஸ்லி குழுவினர் 1991லேயே அந்த உறையைச் செய்திருந்தார்கள். இயற்கையின் பிரேக்கையே கடன் வாங்கினார்கள். சிடிஎல்ஏ-4ன் வெளிப்பகுதியை வெட்டி எடுத்து, ஆன்டிபாடியின் வால் பகுதியோடு ஒட்டினார்கள். ரத்தத்தில் மிதந்து போய் பி7 மேல் உட்கார்ந்துகொள்ளும். சிடி28க்கு எதுவும் மிஞ்சாது. இதுதான் அபடாசெப்ட். 2005 டிசம்பரில் முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. லண்டன் சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்பு!

நோய் வந்த பிறகு கொடுப்பது ஒரு பக்கம். வருவதற்கு முன்பே கொடுத்தால்? ரத்தத்தில் முடக்குவாதத்துக்கே உரிய ஆன்டிபாடிகள் இருந்து, மூட்டு வலியும் தொடங்கி, ஆனால் வீக்கம் இன்னும் வராத 213 பேரை வைத்து பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் ஓர் ஆய்வு நடந்தது. 2024ல் முடிவு வெளியானது. ஓராண்டு அபடாசெப்ட் போட்டவர்களில் அந்த ஆண்டு முடிவில் 6 சதவீதம் பேருக்குத்தான் நோய் வந்திருந்தது. வெறும் ஊசி போட்டவர்களில் 29 சதவீதம். மருந்தை நிறுத்தி இன்னும் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது 25க்கு 37 என்று இடைவெளி சுருங்கிவிட்டது. உறையைக் கழற்றினால் சாவி பழையபடி வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனாலும் கை விரல் நன்றாக மடங்குகிற ஓர் ஆண்டு என்பது சின்ன விஷயம் இல்லை.

எல்லா நோய்க்கும் இது பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லூபஸுக்கும், நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸுக்கும் நடந்த ஆய்வுகளில் அபடாசெப்ட் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. புதிதாகக் கண்டறியப்பட்ட முதல் வகை சர்க்கரை நோயில், கணையத்தின் இன்சுலின் சுரப்பு குறைவதைச் சராசரியாக ஒன்பதரை மாதம் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். ஒரு காரணம் இருக்கிறது. ஏற்கெனவே போருக்குப் போய்ப் பழகிய 'நினைவு' டி செல்களுக்கு இரண்டாவது சாவி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. முதன்முறை திறக்கத்தான் அதிகாரி வேண்டும். பழகின வாடிக்கையாளருக்குக் கதவு சுலபமாகத் திறந்துவிடுகிறது.

மறுபக்கம்

பிரேக்கை வேண்டுமென்றே கழற்றிய கதையும் உண்டு. புற்றுநோய் செல்கள் சொந்த உடம்பிலிருந்தே வருபவை. அவற்றை அடையாளம் கண்டுகொண்ட டி செல்களும் இந்தப் பிரேக்கினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. ஜேம்ஸ் அலிசன் சிடிஎல்ஏ-4ஐ மறைத்துவிட்டால் எலிகளின் கட்டி கரைவதைக் காட்டினார். அதிலிருந்து வந்த இபிலிமுமாப் என்ற மருந்து 2011ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. முற்றிய நோயோடு வந்தவர்களில் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 2018ல் அலிசனுக்கும், பிடி-1 என்ற இன்னொரு பிரேக்கைக் கண்டுபிடித்த தசுகு ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு.

விலை என்ன? குடல் அழற்சி, தோல் தடிப்பு, தைராய்டு, பிட்யூட்டரி பாதிப்பு. ஆட்டோஇம்யூன் நோய்களின் பட்டியலேதான்! அதுவரை அமைதியாக இருந்த, தைமஸிலிருந்து தப்பி வந்த அந்தப் பழைய டி செல்கள்தான் காரணம். அவை எல்லோர் உடம்பிலும் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பிடி-1 பிரேக்கைக் கழற்றியதால் இதயத் தசையில் கடும் அழற்சி வந்த ஒரு நோயாளிக்கு அபடாசெப்ட் கொடுத்துக் காப்பாற்றியதாக 2019ல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். ஒரு கையால் பிரேக்கைக் கழற்றி, இன்னொரு கையால் சாவிக்கு உறை போட வேண்டியதாயிற்று.

மறுபடியும் லண்டன்

இப்போது அந்த ஆறு பேரிடம் திரும்பலாம். டிஜிஎன்1412 என்பது சாதாரண சாவி இல்லை. சிடி28ல் வழக்கத்துக்கு மாறான இடத்தில் போய்ப் பிடித்து, முதல் சாவி இல்லாமலேயே டி செல்லைத் திறந்துவிடும் சாவி. வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. கையெழுத்து இல்லை. ஆனால் வங்கியின் எல்லா லாக்கரும் ஒரே நேரத்தில் திறந்தால்?

இதைக் கண்டுபிடித்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எலிகளில் இதே மாதிரியான மருந்து, ஒழுங்குபடுத்தும் டி செல்களைத்தான் முதலில் பெருக்கியது. அதாவது சாவியைப் பிடுங்குகிற காவலர்களை. அதனால் எலிகளின் ஆட்டோஇம்யூன் நோய் தணிந்தது. மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று நம்பினார்கள். குரங்குகளிலும் ஆபத்து தெரியவில்லை.

பிழை எங்கே? 2010ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். சோதனைக்குப் பயன்படுத்திய குரங்கின் நினைவு டி செல்களில், போருக்கு எந்நேரமும் தயாராக இருக்கும் ஒரு பிரிவில், சிடி28 இல்லவே இல்லை! மனிதனின் அதே பிரிவில் இருக்கிறது. கதவே இல்லாத சுவரில் சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, பூட்டு பத்திரமாக இருக்கிறது என்று முடிவு செய்தது போல ஆகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. மனித ரத்தத்தில் இருந்து எடுத்த செல்களைச் சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தபோதும் அவை அமைதியாகத்தான் இருந்தன. 2011ல் வூர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் காரணத்தைக் காட்டினார்கள். ரத்தத்தில் ஓடுகிற டி செல்கள் தனித்தனியாக மிதக்கின்றன. உடம்பின் திசுக்களில் அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நெருக்கமாக இருக்கும். அதே செல்களை இரண்டு நாள் அடர்த்தியாக நெருக்கி வளர்த்துவிட்டு மருந்தை ஊற்றியபோது, லண்டனில் நடந்தது குழாய்க்குள்ளும் நடந்தது.

டெஜெனெரோ நிறுவனம் 2006லேயே திவாலானது. அந்த மருந்து வேறு பெயரில் ரஷ்யாவில் மறுபடி சோதிக்கப்பட்டது. லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கில் தொடங்கினார்கள். அந்தச் சின்ன அளவில் காவலர் செல்கள் மட்டும் விழித்துக்கொண்டதற்கான அடையாளங்கள் தெரிந்தன. முதலில் நினைத்தது முழுத் தப்பு இல்லை. அளவுதான் தப்பு.

பிரிட்டிஷ் அரசு அமைத்த நிபுணர் குழு 2006 இறுதியில் 22 பரிந்துரைகளைக் கொடுத்தது. விலங்குக்கு ஆபத்தில்லாத அளவிலிருந்து கணக்கிட்டு இறங்கி வருவதோடு நிற்காமல், மனித செல்லில் மிகக் குறைந்த விளைவு தெரியும் அளவையும் பார்த்துத் தொடங்க வேண்டும். புது மருந்தை முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு, போதிய நேரம் காத்திருந்து பார்த்த பிறகுதான் அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். இன்று இப்படிப்பட்ட புது வகை மருந்துகளை முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கும்போது கடைப்பிடிக்கும் பழக்கம் அது.

பத்து நிமிட இடைவெளிக்குப் பதிலாக அன்று ஒரே ஒருவருக்கு மட்டும் மருந்தை ஏற்றிவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருந்தால், மற்ற ஐந்து பேரும் வீட்டுக்கு நடந்தே போயிருப்பார்கள். உடம்பு ஒவ்வொரு டி செல்லையும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் திறக்கிறது. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் பொறுமை அன்று ஆய்வுக்கூடத்தில் இல்லாமல் போனது. அடுத்தவர் படுக்கைக்குப் போவதற்கு முன் காத்திருக்க வேண்டும் என்ற விதி இன்று இருப்பதற்குக் காரணம் அந்த ஆறு பேர்.